எல்லாரும் இறங்கியாச்சா?

எங்கள் திருச்சபையின் வாலிபர் சங்கத்தில் இப்போது எல்லாரும் இலக்கு வைத்துக்கொண்டிருக்கிறார்கள். பெங்களூரில் கணினி வேலை பார்க்கும் ஒரு தம்பி, மாதம் ஒருமுறை காரைக்குடிக்கு வந்து, சுவரில் படம் காட்டி, விசுவாசிகள் எப்படி இலக்கு வைக்க வேண்டும் என்று வகுப்பு எடுக்கிறார். இலக்கு தெளிவாக இருக்க வேண்டுமாம். அளக்கும்படி இருக்க வேண்டுமாம். கெடு இருக்க வேண்டுமாம். கடைசியாக ஜெபம் இருக்க வேண்டுமாம். ஜெபம் கடைசிக்குப் போனதைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் காலத்தில் ஜெபம் முதலிலேயே வந்துவிடும். அதற்குப் பிறகு வேறெதுவும் வராது.

போன மாதம் அந்தத் தம்பி என் வீட்டுக்கு வந்தார். நான் சர்வீஸ் முழுக்க ஒரே இலக்கை வைத்துக் காப்பாற்றினேன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதை வகுப்பில் பத்து நிமிடத்தில் சொல்ல வேண்டும், கேட்பவர்களுக்கு உற்சாகம் வர வேண்டும், கடைசியில் ஒரு பாடம் இருக்க வேண்டும் என்றார். பத்து நிமிடத்தில் நான் ஒரு ஃபியூஸ் போட்டுத் தருவேன். மற்றது முடியாது. அதனால்தான் எழுதிவிடுகிறேன். பாடத்தை அந்தத் தம்பியே தேடி எடுத்துக்கொள்ளட்டும்.

நான் கரண்டு ஆபீஸில் ஹெல்பராகச் சேர்ந்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவன். பெயர் ஞானமுத்து. ஹெல்பராக இருந்த வருஷங்களில் குழி தோண்டினேன், கம்பம் தூக்கினேன், டீ வாங்கி வந்தேன். அப்புறம் வயர்மேனாகி சிங்கம்புணரிப் பக்கம் கொஞ்ச காலம் ஏறி இறங்கினேன். அங்கே கற்றுக்கொண்டதை எல்லாம் இங்கே எழுதினால் தாள் வீணாகும். சுருக்கமாகச் சொன்னால், கரண்டு கண்ணுக்குத் தெரியாது, அது யாரிடமும் மதம் கேட்காது, இந்த இரண்டும்தான்.

இலக்கு வைப்பது எனக்குப் புதிதல்ல. ஒவ்வொரு புத்தாண்டு ஆராதனையிலும் எங்கள் சபையில் ஒருவர் ஒருவராக எழுந்து அந்த வருஷத்துத் தீர்மானத்தைச் சொல்ல வேண்டும். முதல் பல வருஷங்கள் நான் சொன்னது, வேதாகமத்தை ஒரே வருஷத்தில் முழுதாகப் படித்து முடிப்பேன் என்பது. ஜனவரியில் உலகம் உண்டாகும். பிப்ரவரியில் செங்கடல் பிளக்கும். அதன் பிறகு பலிகளும் தோல் வியாதிச் சட்டங்களும் வரும், நான் அங்கேயே உட்கார்ந்துவிடுவேன். அடுத்த ஜனவரியில் மறுபடியும் உலகம் உண்டாகும். என் மனைவி ரோஸ்லி ஒருநாள் சொன்னாள், உலகத்தை உண்டாக்குறதுல ஆண்டவருக்கு அடுத்தபடியா உங்களுக்குத்தான் அனுபவம் அதிகம் என்று. பீடியை விடுவது அடுத்த இலக்கு. அதையும் பலமுறை வெற்றிகரமாக விட்டேன். கோபப்படுவதில்லை என்று ஒரு வருஷம் சொன்னேன். அது ஆராதனை முடிந்து செருப்பைத் தேடும் வரைக்கும் நின்றது.

ஃபோர்மேன் ஆன வருஷம், எழுந்து நின்றபோது சொல்வதற்கு என்னிடம் எதுவும் மீதியில்லை. எல்லா இலக்கிலும் தோற்றாயிற்று. முந்தின நாள்தான் என் கீழே வேலை பார்க்கப்போகும் ஆட்களை வரிசையாக நிறுத்தி எனக்கு அறிமுகப்படுத்தியிருந்தார்கள். அந்த முகங்கள் மனதில் இருந்தன. "என்கூட கம்பம் ஏறுற அத்தனை பேரும் இறங்கி வரணும். அதுதான் என் தீர்மானம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

அப்போதிருந்த ஆயருக்கு அது பிடிக்கவில்லை. ஆராதனை முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அது உத்தியோகம் சம்பந்தப்பட்டது, ஆவிக்குரியதாக ஒன்று சொல்லியிருக்கலாமே என்றார். கம்பத்தில் இருந்து விழுகிறவனின் ஆவி எங்கே போகும் என்று கேட்க நினைத்தேன். கோபப்படுவதில்லை என்ற பழைய தீர்மானம் அன்றைக்கு என்று பார்த்து ஞாபகம் வந்ததால் கேட்கவில்லை.

எங்கள் வேலை தெரியாதவர்களுக்கு ஒரு விஷயத்தை விளக்கிவிட வேண்டும். உயர் அழுத்தக் கம்பியில் கை வைப்பதற்கு முன்னால் சப் ஸ்டேஷனுக்குப் பேசி 'லைன் கிளியர்' வாங்க வேண்டும். அங்கே இருக்கும் ஆப்பரேட்டர் அந்தக் கம்பிக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்தி, ஆள் வேலை செய்கிறான் என்று பலகை மாட்டிவிட்டு, ஒரு நம்பர் சொல்வார். அதை வாங்கியவன் நம்பரைத் திருப்பிச் சொல்லி எழுதிக்கொள்ள வேண்டும். நிறுத்தியாகிவிட்டது என்று அவர் சொன்னால் மட்டும் போதாது. நீளக் கம்பை நீட்டிக் கம்பியைத் தொட்டு, மிச்சம் மீதி இருப்பதை மண்ணுக்கு இறக்க வேண்டும். வேலை நடக்கும் இடத்துக்கு இரண்டு பக்கமும் கம்பியை மண்ணோடு இணைத்து எர்த் போட வேண்டும், தப்பித் தவறி மின்சாரம் வந்தாலும் அது மண்ணுக்குப் போய்விடும். அப்புறம்தான் பெல்ட், கையுறை, ஏறுவது எல்லாம். வேலை முடிந்ததும் ஆட்கள் இறங்கி, எர்த்தை எடுத்து, லைன் கிளியரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். யார் பெயரில் வாங்கினோமோ அவர்தான் திருப்ப வேண்டும். வேறு யார் சொன்னாலும், கலெக்டரே சொன்னாலும், ஆப்பரேட்டர் சுவிட்சைத் தொடக் கூடாது.

இது சட்டம். இதில் நான் சேர்த்துக்கொண்டது ஒன்றே ஒன்று. திருப்புவதற்கு முன்னால் ஏறின ஒவ்வொருவனின் முகத்தையும் நான் பார்க்க வேண்டும். தூரத்தில் இருந்து 'எறங்கிட்டேன்ணே' என்று கத்தினால் செல்லாது. ஒருவனுக்காக இன்னொருவன் கத்துவான். சத்தத்துக்கு முகம் கிடையாது.

ஆட்களில் விசுவாசம் அதிகமானவர்கள்தான் எனக்குப் பெரிய தலைவலி. விபூதி பூசியவன் பெல்ட்டை மாட்டிக்கொள்வான். எங்கள் சபைக்காரன் கண்ணை மூடி ஜெபித்துவிட்டு, பெல்ட்டை வண்டியிலேயே விட்டுவிட்டு ஏறுவான். கேட்டால், கர்த்தர் பாத்துக்குவாருண்ணே என்பான்.

"பாத்துக்குவாரு. பெல்ட்டையும் அவருதான் குடுத்து அனுப்பியிருக்காரு. மாட்டு" என்பேன்.

எனக்கு மேலே உதவிப் பொறியாளராக சாத்தப்பன் சார் இருந்தார். பள்ளத்தூரில் பெரிய வீட்டுப் பிள்ளை. அவர் வாழ்க்கையில் யாருக்கும் உத்தரவு போட்டதில்லை. எல்லாவற்றையும் கேள்வியாகத்தான் கேட்பார். "வலையபட்டி லைனைப் பாத்துரலாமா ஃபோர்மேன்?" என்றால், உடனே போய்ப் பார் என்று அர்த்தம். "லீவு வேணுமா?" என்றால் லீவு கிடையாது என்று அர்த்தம். மேலே இருப்பவர்களிடம் அவர் முடியாது என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. கீழே இருப்பவர்களிடம் சரி என்று சொல்லியும் யாரும் கேட்டதில்லை. இரண்டுக்கும் நடுவே 'பாப்போம்' என்ற ஒரு சொல்லில் குடியிருந்தார். போன் வந்தால் முதலில் கைக்குட்டையால் அதைத் துடைப்பார், அப்புறம்தான் காதில் வைப்பார். மேலிடத்தில் இருந்து வரும் போன் என்றால் இரண்டு முறை துடைப்பார். மழையோ வெயிலோ, கையில் குடை இருக்கும். ஆனால் எங்களில் யாரையும் அவர் ஒருமையில் கூப்பிட்டதில்லை. ஹெல்பரைக்கூட வாங்க போங்க என்றுதான் சொல்வார். அந்த மரியாதையே பாதிப் பேருக்குச் சம்பள உயர்வு மாதிரி இருந்தது.

இனி அந்தச் சாயங்காலத்துக்கு வருகிறேன்.

எங்கள் சபையில் மூன்று நாள் நற்செய்திக் கூட்டம் ஏற்பாடு செய்திருந்தார்கள். ஊருக்கு வெளியே ஒரு பள்ளி மைதானத்தில் பந்தல். சென்னையில் இருந்து பெரிய பிரசங்கியார் வந்திருந்தார். கூட்டத்தின் தலைப்பு, 'விசுவாசியின் இலக்கு'. கடைசி நாள் மத்தியானம் காற்றும் மழையும் அடித்து, கண்மாய்க் கரையோரம் போகும் கம்பியின் மேல் ஒரு வேப்ப மரம் சாய்ந்தது. அந்தப் பக்கம் முழுக்க மின்சாரம் போயிற்று. பிரசங்கியாரின் ஒலிபெருக்கியும் அதில் அடக்கம். ஜெனரேட்டருக்கு ஆள் அனுப்பினார்கள். அது மழையில் நனைந்துவிட்டதாம். விசுவாசியின் இலக்கு இருட்டில் உட்கார்ந்திருந்தது.

நான் என் பெயரில் லைன் கிளியர் வாங்கி, எர்த் போட்டு, நாலு பேரை ஏற்றினேன். மூன்று பேர் மரம் விழுந்த இடத்தில். நாலாவது ஆள் எபினேசர், எல்லாரும் எபி என்று கூப்பிடுவோம், கரையின் கடைசிக் கம்பத்தில் கம்பியைத் தாங்கும் பீங்கான் உடைந்திருந்ததை மாற்றப் போனான். கொஞ்சம் தள்ளி, வளைவுக்கு அந்தப் பக்கம். எங்கள் இடத்தில் இருந்து பார்த்தால் தெரியாது. நல்ல வேலைக்காரன். எங்கள் சபைக்காரன்தான். பெல்ட் போடுகிறவன்.

பொழுது சாயும் நேரம் வேலை முடிந்தது. மூன்று பேர் இறங்கினார்கள், மூன்று முகத்தையும் பார்த்தேன். எபி வரவில்லை. போன் போட்டேன், அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கருப்பையா என்கிற வயர்மேன், எபியின் வண்டி கிளம்பிய சத்தம் கேட்டது என்றான். பார்த்தாயா என்று கேட்டேன். சத்தம் கேட்டுச்சுண்ணே என்றான் மறுபடியும்.

டார்ச்சை எடுத்துக்கொண்டு கரையில் நடந்தோம். ஒவ்வொரு கம்பத்தின் மேலும் வெளிச்சம் அடித்துப் பார்த்தோம். கடைசிக் கம்பத்தில் புதுப் பீங்கான் பளிச்சென்று இருந்தது. மேலே ஆள் இல்லை. வண்டியும் பக்கத்தில் இல்லை, அவன் அதை எங்கே நிறுத்தினான் என்று யாரும் பார்த்திருக்கவில்லை. ஆனால் கம்பத்தின் அடியில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடந்தது. எபியின் செருப்பு. எங்கள் எல்லாருக்கும் அது தெரியும்.

செருப்பை விட்டுவிட்டு எந்த மனுஷனும் சேற்றில் வெறுங்காலோடு வண்டி ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக மாட்டான். கம்பத்துக்கு இரண்டடி தள்ளிக் கண்மாய்ச் சரிவு. மழைத் தண்ணீர் ஏறியிருந்தது. மேலே இருந்து தவறி விழுந்து உருண்டிருந்தால் தண்ணீருக்குள்தான். கருப்பையா பேண்ட்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு இறங்கிவிட்டான். இடுப்பளவுத் தண்ணீரில் காலால் துழாவினான். நான் கரையில் நின்று வெளிச்சம் காட்டினேன். என் கை ஆடியதால் வெளிச்சமும் ஆடியது. கருப்பையா திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் துழாவினான்.

அப்போதுதான் சாத்தப்பன் சார் போன் செய்தார்.

"ஃபோர்மேன், லைனைக் குடுத்துரலாமா?"

ஒரு ஆளைக் காணோம் சார் என்றேன். பாப்போம் என்றார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் போன். மேலே இருந்து கேட்கிறார்களாம். மைதானத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய வீட்டில் கல்யாண வரவேற்பு, அங்கே வந்திருக்கும் ஒரு பெரிய மனிதர் இருட்டில் உட்கார்ந்திருக்கிறாராம். கம்பத்தில் ஆள் இல்லை என்று நீங்களே சொல்கிறீர்கள், எர்த்தையும் எடுத்தாயிற்று, அப்புறம் என்ன என்று கேட்கிறார்களாம். நியாயமான கேள்விதான். முகத்தைப் பார்க்கவில்லை சார், அவ்வளவுதான் என்றேன்.

மூன்றாவது முறை அவர் போன் செய்யவில்லை. ஜீப்பில் நேரில் வந்து இறங்கினார். பாலிஷ் போட்ட ஷூவோடு சேற்றில் நடந்து வந்து, குடையை மடக்கி, செருப்பைக் குனிந்து பார்த்தார். தண்ணீரில் நின்ற கருப்பையாவைப் பார்த்தார். அவர் போன் அடித்தது. இரண்டு முறை துடைத்தார். லைனைக் கொடு என்று யாரோ அந்தப் பக்கம் கத்துவது எனக்கே கேட்டது. "பாத்துக்கிட்டு இருக்கோம் சார்" என்று சொல்லிவிட்டு போனைப் பையில் போட்டுக்கொண்டார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அது உத்தரவாகிவிடும் என்று அவருக்குத் தெரியும். என் கையில் இருந்த டார்ச்சை வாங்கித் தண்ணீரின் மேல் பிடித்தார். அவர் கை ஆடவில்லை.

அடுத்த போன் எங்கள் ஆயரிடம் இருந்து. எனக்கு. முதலில் ஸ்தோத்திரம் சொன்னார். அப்புறம், இத்தனை ஆத்துமாக்கள் இருட்டில் காத்திருப்பதையும், பிரசங்கியாருக்கு மதுரையில் ரயில் இருப்பதையும் எடுத்துச் சொன்னார். ஒரு ஆளைக் காணவில்லை ஐயா என்றேன். நல்ல மனிதர்தான், உடனே குரல் மாறிவிட்டது. ஜெபிக்கிறோம், யார் என்று சொல்லுங்கள், பெயர் சொல்லி ஜெபிக்கிறோம் என்றார். எபினேசர் என்றேன்.



"எபினேசரா? இங்குட்டு முன் வரிசையில உக்காந்திருக்காரே."

கருப்பையாவிடம் மேலே வா என்றேன். ஆயர், அப்புறம் என்ன, லைனைக் குடுத்துருங்க என்றார். நான் இன்னும் பார்க்கவில்லை ஐயா, வந்து பார்த்துவிட்டுக் கொடுக்கிறேன் என்றேன்.

"நான் சொன்னா நம்ப மாட்டீகளா? விசுவாசம் வேணும் ஃபோர்மேன்."

"விசுவாசம் இருக்கு ஐயா. முகத்தையும் பாத்துக்கிறேன்."

ஆயருக்கு இது பெரிய அவமானமாகப் போயிற்று. எனக்கும் இப்போது யோசித்தால் அது கிறுக்குத்தனம் மாதிரித்தான் படுகிறது. ஆனால் இருட்டில் ஒரு பந்தலில் முன் வரிசையில் இருப்பது எந்த எபினேசர்? எங்கள் சபையில் அந்தப் பெயரில் மட்டும் மூன்று பேர்.

சாரிடம் இருந்து டார்ச்சைத் திரும்ப வாங்கி, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். பந்தலில் பெட்ரோமாக்ஸ் ஒன்று மேடையில் எரிந்தது. மற்ற இடமெல்லாம் தலைகளின் நிழல். சேற்றுக் காலோடு நடு வழியில் நடந்து போய், முன் வரிசையில் டார்ச்சை அடித்தேன். எபிதான். வெள்ளைச் சட்டை, சீவிய தலை, காலில் பளபளவென்று புது ஷூ. பக்கத்தில் அவன் மனைவி. அந்தச் செருப்பு ஏன் அங்கே கிடந்தது என்று அந்த ஷூவைப் பார்த்ததும் புரிந்தது. கூட்டத்துக்குப் போக ஷூவைப் பையில் கொண்டுவந்திருக்கிறான். கம்பத்தடியில் மாற்றிக்கொண்டு, செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறான்.

"மூணு நாளும் தவறாம வர்றதுன்னு தீர்மானம் எடுத்திருந்தேன்ணே. சொல்லிட்டுப் போனா விட மாட்டீகன்னுதான்..." என்றான். எழுந்து நிற்கவும் தெரியாமல் உட்காரவும் தெரியாமல் பாதியில் நின்றான்.

ஆக அவன் தன் இலக்கைக் காப்பாற்றிவிட்டான். நான் என் இலக்கைக் காப்பாற்றிவிட்டேன். நடுவில் காரைக்குடியின் ஒரு பக்கம் முழுக்க இருட்டில் கிடந்தது. இவனை அறைவதா கட்டிப்பிடிப்பதா என்று தெரியாமல் டார்ச்சை அணைத்தேன். அங்கே நின்றபடியே சப் ஸ்டேஷனுக்குப் பேசி, நம்பரைச் சொல்லி, ஆட்கள் எல்லாரும் இறங்கிவிட்டார்கள் என்று லைன் கிளியரைத் திருப்பினேன்.

பந்தலில் விளக்குகள் எரிந்தன. கூட்டம் முழுக்க அல்லேலூயா என்று கத்தியது. பிரசங்கியார் மைக்கைப் பிடித்து, நாம் ஜெபித்தோம், ஆண்டவர் வெளிச்சத்தைக் கொடுத்தார் என்று தொடங்கினார். அதை நான் மறுக்கவில்லை. ஆப்பரேட்டரும் ஆண்டவருடைய பிள்ளைதான். வெளியே வந்து ஸ்கூட்டரில் ஏறினேன். கொஞ்ச நேரம் வண்டியின் மேல் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, அப்புறம் போனேன்.

மறுநாள் சாத்தப்பன் சார் எனக்கு மெமோ கொடுத்தார். தேவையில்லாமல் மின் வினியோகத்தைத் தாமதப்படுத்தியதற்கு விளக்கம் கேட்டு. கொடுக்கும்போது ஷூவில் இன்னும் சேறு காய்ந்திருந்தது.

"மேல இருந்து குடுக்கச் சொன்னாக, குடுத்துட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதிருங்க ஃபோர்மேன். அடுத்த தடவையும் இப்பிடித்தான் செய்வீகன்னு எனக்குத் தெரியும். அதை மட்டும் எழுதிராதீக" என்றார்.

அவர் என்னிடம் கேள்வியாக இல்லாமல் பேசியது அந்த ஒரு தடவைதான்.

நடந்தது எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. கண்மாயில் ஆளைத் தேடினவன் கல்யாணத்தை இருட்டாக்கினான் என்று கடைத்தெருவில் சிரித்தார்கள். ஆபீஸில் எனக்கு 'பொண்ணு பாக்குற ஃபோர்மேன்' என்று பெயர் வைத்தார்கள். வேலை முடிந்து இறங்குகிறவன் ஒவ்வொருவனும் என் முன்னால் வந்து, கன்னத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டி, பொண்ணைப் புடிச்சிருக்காண்ணே என்று கேட்டான். கேட்டுவிட்டுப் போகட்டும். அதற்காகவாவது ஒவ்வொருவனும் வந்து நின்றான். எபி மட்டும் கேலி செய்யவில்லை. அவன் பல வருஷம் என் கண்ணைப் பார்க்காமலேயே முகத்தைக் காட்டிவிட்டுப் போனான்.

இதுவரை எழுதியதை அந்தப் பெங்களூர்த் தம்பி வகுப்பில் சொல்லிச் சிரிக்க வைக்கலாம். இதற்கு மேல் எழுதப்போவதை அவர் என்ன செய்வார் என்று தெரியவில்லை.

பக்கத்துப் பிரிவில் ஃபோர்மேனாக இருந்தவர் முத்தையா. நானும் அவரும் ஒரே சமயத்தில் ஹெல்பராகச் சேர்ந்தவர்கள். காலையில் பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போடாமல் வேலைக்கு வர மாட்டார். வேலையில் என்னைவிடச் சுத்தம். நான் முகம் பார்ப்பதைக் கேள்விப்பட்டுச் சிரிக்காதவர் அவர் ஒருவர்தான். மறுநாளில் இருந்து அவரும் பார்க்க ஆரம்பித்தார். மகள் கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வைக்க வந்தபோது, என் ஆளுகளும் எல்லாரும் இறங்கணும் ஞானமுத்து, எனக்கு வேற வேண்டுதல் கிடையாது என்றார்.

ஒருநாள் மத்தியானம் அவருடைய ஆள் செல்வராஜ் தெருக்கம்பத்தில் ஏறி, அறுந்த கம்பியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். டிரான்ஸ்ஃபார்மரில் மின்சாரத்தை நிறுத்தியாயிற்று. ஃபியூஸைக் கழற்றி முத்தையா தன் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். தெருவில் ஜெனரேட்டர் உள்ள வீடு ஒவ்வொன்றுக்கும் அவரே நடந்து போய், போடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். ஆனால் ஒரு வீட்டில் அன்று காலைதான் புதிதாக ஒன்று வந்து இறங்கியிருந்தது. அதை வீட்டுக் கம்பியோடு தப்பாகச் சேர்த்திருந்தார்கள். அவர்கள் போட்டார்கள். அந்த மின்சாரம் வெளியே ஓடித் தெருக்கம்பியில் ஏறியது. செல்வராஜ் பெல்ட்டிலேயே தொங்கினான்.

தெருக்கம்பியில் எர்த் போடும் பழக்கம் அப்போது எங்கள் யாருக்கும் கிடையாது. அதற்கு முந்தின வாரம் நான் அதே மாதிரி ஒரு கம்பத்தில் ஆளை ஏற்றி இறக்கியிருந்தேன். நான் ஆளை ஏற்றிய தெருவில் யாரும் ஜெனரேட்டர் வாங்கியிருக்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான். மறுநாளில் இருந்து நான் தெருக்கம்பியிலும் எர்த் போட்டேன். முத்தையாவும் போட்டார்.

செல்வராஜ் எங்கள் சபைக்காரன். அவன் மனைவி ஜெயசீலி இரண்டு பிள்ளைகளோடு நின்றாள். அவளுக்கு ஆபீஸிலேயே ஒரு வேலை கொடுத்தார்கள். முத்தையா அடக்கத்துக்கு வந்து, கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே நின்றுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ஜெயசீலி இருக்கும் அறைப் பக்கம் அவர் வந்ததே இல்லை. ஏதாவது வேலை இருந்தால் வேறு ஆளை அனுப்புவார். அவள் எதிரே வந்தால் வேறு வழியில் திரும்பிவிடுவார். யாரும் அவரைக் குற்றம் சொல்லவில்லை. விசாரணையில்கூட அவர் மேல் ஒன்றும் இல்லை என்றுதான் எழுதினார்கள். அது அவருக்குப் போதவில்லை.

நான் ஓய்வு பெற்றபோது சபையில் ஸ்தோத்திர ஆராதனை வைத்தார்கள். புது ஆயர் வந்திருந்தார், துடிப்பானவர். நான் எழுந்து சாட்சி சொல்ல வேண்டும் என்றார். ஒரு மனிதன் இலக்கு வைத்தான், ஆண்டவர் அதைக் காத்துக் கொடுத்தார், ஒருவர்கூட விழவில்லை, இதைவிட நல்ல சாட்சி எங்கே கிடைக்கும் என்றார். சரி என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

முந்தின நாள் ஜெயசீலி ஆபீஸில் எனக்கு வழியனுப்பு மாலை வாங்கிக் கொடுக்க வந்தாள். சாட்சி சொல்லப்போவதைக் கேள்விப்பட்டிருக்கிறாள்.

"சொல்லுங்கண்ணே. உங்க ஆளுக இறங்குனது சந்தோஷமான விஷயந்தானே. ஆனா எங்க வீட்டுக்காரருக்காக யாரும் இலக்கு வைக்கல, ஜெபிக்கலங்கிற மாதிரி மட்டும் சொல்லிராதீக."

கோபமாகச் சொல்லவில்லை. மேசையில் இருந்த மாலையைச் சரிப்படுத்திக்கொண்டே சொன்னாள். அன்று சாயங்காலமே முத்தையா வீட்டுக்குப் போய், மறுநாள் ஆராதனைக்கு வர வேண்டும் என்று கூப்பிட்டேன். அவர் கோயில் வேலை இருக்கிறது என்றார். இருக்கட்டும், முடித்துவிட்டு வாருங்கள் என்றேன். எதற்கு என்று கேட்டார். வாருங்கள் என்றேன் மறுபடியும்.

வந்தார். கடைசிப் பெஞ்சில், நெற்றியில் விபூதியோடு, எப்போது எழுவது எப்போது உட்காருவது என்று தெரியாமல் பக்கத்து ஆளைப் பார்த்துப் பார்த்து எழுந்து உட்கார்ந்துகொண்டிருந்தார்.

நான் முன்னால் போய் நின்றேன். இலக்கைப் பற்றியோ அதை நான் காப்பாற்றியதைப் பற்றியோ என்னால் எதுவும் சொல்ல முடியவில்லை. என்னோடு கம்பம் ஏறியவர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொன்னேன். கருப்பையா, எபினேசர், மற்ற எல்லாரும். இவர்கள் இறங்கினார்கள், ஆண்டவருக்கு நன்றி என்றேன். அப்புறம் செல்வராஜ் பெயரையும் சொன்னேன். "இவர் என் பிரிவு இல்ல. இவர் இறங்கி வரணும்னு முத்தையாவும் என்னை மாதிரியேதான் வேண்டிக்கிட்டு நின்னாரு. நான் செஞ்ச எல்லாத்தையும் அவரும் செஞ்சாரு. ஏன் இப்பிடின்னு எனக்குத் தெரியல. தெரிஞ்ச மாதிரி இங்க நின்னு பேச எனக்கு மனசு வரல." அவ்வளவுதான். போய் உட்கார்ந்துவிட்டேன்.

ஆயர் இதற்கு ஆமென் சொல்வதா வேண்டாமா என்று யோசித்தபடி நின்றார். பாட்டுப் புத்தகத்தைத் திறந்து, மூடி, மறுபடியும் திறந்தார். கடைசியில் அவர் ஒரு பாட்டு எண்ணைச் சொன்னார், எல்லாரும் நிம்மதியாக எழுந்து பாடினார்கள்.

ஆராதனை முடிந்ததும் வாசலில் டீ கொடுத்தார்கள். முத்தையா யாருக்கும் தெரியாமல் சுவரோரமாக வெளியே போய்க்கொண்டிருந்தார். கேட்டை நெருங்கியபோது ஜெயசீலி கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள். அவர் திரும்புவதற்கு அங்கே வேறு வழி இல்லை. அவள் கையில் இரண்டு டம்ளர் இருந்தன.

"டீ குடிச்சிட்டுப் போங்கண்ணே" என்றாள்.

முத்தையா அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.